சின்ன ஏ விட்டுப்போனதால் நான்கு நாள் மூடிக் கிடந்த கடை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஒரு கணினி, ஸ்கேனரும் சேர்ந்த ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மிஷின், அவ்வளவுதான் முதலீடு. வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறார். கடை முழுக்க என் பொறுப்பு. முன்பு விண்டோஸ் 7 தான் ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் நீட்டும் பென்டிரைவ் வழியாக வைரஸ் ஏறி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்மட் செய்ய வேண்டியிருந்தது. அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுபோயிருந்தது. 2023இல் சித்தி மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக் கொடுத்தான். இரண்டு வருடம் ஒரு வைரஸ் தொல்லை கிடையாது. இப்போதும் லினக்ஸில்தான் வேலை செய்கிறேன், இனியும் அதில்தான் செய்வேன். 2025 மே மாதம் என் கணினியின் நிர்வாகி உரிமை என் கையை விட்டுப் போனது, அது லினக்ஸின் குறை இல்லை. எனக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருந்தது, அதைச் சொல்லித் தரப் பக்கத்தில் ஆள் இல்லை. தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் ஆங்கிலம். அதனால்தான் தமிழில் எழுதி வைக்கிறேன்.

மே 8ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. எங்கள் ஊரில் அது மாம்பழ சீசனும்கூட. ஒரு பக்கம் கல்லூரி விண்ணப்பம், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று பிள்ளைகள் வருவார்கள். இன்னொரு பக்கம் மண்டிக்காரர்களும் மாங்கூழ் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர்களும் பில் அடிக்க வருவார்கள். வருடத்தில் அந்த ஆறு வாரம் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி மாதங்களின் வாடகையைச் சமாளிக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஸ்கேனர் மக்கர் செய்தது. பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் நான் கணினியில் நுழையும் கணக்கில் வேலை செய்யவில்லை. சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் ஸ்கேன் ஆகிறது. அப்படியென்றால் கருவியில் கோளாறு இல்லை, என் கணக்குக்கு அதைத் தொட அனுமதி இல்லை என்று அர்த்தம்.

சூடோ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கின் பெயர் ரூட். உபுண்டுவில் அந்த ரூட் கணக்கைப் பூட்டியே வைத்திருப்பார்கள், அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. அதற்குப் பதில், முதன்முதலில் உருவாக்கும் கணக்கை சூடோ என்று பெயருள்ள ஒரு குழுவில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் குழுவில் இருப்பவர் கட்டளைக்கு முன்னால் சூடோ என்று சேர்த்து, தன் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து நிர்வாகி வேலையைச் செய்யலாம். குழுவில் பெயர் இல்லையென்றால், பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் நடக்காது. என் நிர்வாகி உரிமை ஒரு பட்டியலில் இருக்கும் ஒரு பெயரில்தான் தொங்குகிறது என்பது இரண்டு வருடம் அதைப் பயன்படுத்தியும் எனக்குத் தெரியாது. பாஸ்வேர்டுதான் உரிமை என்று நினைத்திருந்தேன்.

மே 11, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைபேசியில் தேடிப் பார்த்தேன். எல்பி என்ற குழுவில் கணக்கைச் சேர்த்தால் சரியாகும் என்று போட்டிருந்தது. யூசர்மாட் என்ற கட்டளை. எனக்கு எதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு செய்யும் பழக்கம். நோட்டில் எழுதினேன்: சூடோ, யூசர்மாட், ஒரு சிறு கோடு, பெரிய ஜி, எல்பி, கணக்கின் பெயர். தட்டினேன். பிழை எதுவும் வரவில்லை. லினக்ஸில் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரி வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அதற்கப்புறமும் ஒரு சின்ன மென்பொருளை சூடோ போட்டு நிறுவினேன், அதுவும் நடந்தது. கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஸ்கேனர் அழகாக வேலை செய்தது. சந்தோஷமாக இருந்தது. பதினோரு மணிக்குப் பிரிண்டரில் தாள் சிக்கி, பிரிண்ட் வரிசை நின்றுபோனது. தாளை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிடப் போனால் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன், ஏற்கவில்லை. ஒருவேளை தப்பாக அடித்துவிட்டேனோ என்று நான்கைந்து தடவை கொடுத்தேன். கட்டளை தட்டும் திரையான டெர்மினலைத் திறந்து சூடோ போட்டேன். என் கணக்கு சூடோயர்ஸ் கோப்பில் (சூடோ யாருக்கு உண்டு என்று சொல்லும் கோப்பு) இல்லை, இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. யாரிடம் புகார்? யாரோ என் கணினிக்குள் புகுந்துவிட்டார்களா? ஊர்ப் பிள்ளைகளின் ஆதார் நகல், சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கிறது. அன்று மத்தியானம் சாப்பிடக்கூட முடியவில்லை.

அந்த வரியைப் பார்த்து யாரும் என்னைப் போலப் பயப்பட வேண்டாம். அந்தப் புகார் கணினியை விட்டு வெளியே எங்கேயும் போகாது. அதே கணினியின் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதப்படும், அவ்வளவுதான். பெரிய அலுவலகங்களில் ஒரு கணினியைப் பலர் பயன்படுத்தும்போது நிர்வாகி பார்ப்பதற்காக வைத்த ஏற்பாடு அது.

சித்தி மகன் அப்போது வெளிநாட்டில் இருந்தான், போன் எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் விண்டோஸ்தான் தெரியும். கடைசியில் ஒரு சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "லினக்ஸ்ல அட்மின் போயிடுச்சுன்னா பார்மட்தான்க்கா, வேற வழி கிடையாது" என்றார் அந்தத் தம்பி. டேட்டா முழுக்க வேண்டும் என்று சொன்னேன். எடுத்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்று வழக்கமான ஃபோல்டர்களை எடுத்திருக்கிறார். நான் வேலை என்ற பெயரில் தனி ஃபோல்டர் வைத்து, எல்லாவற்றையும் அதில்தான் சேமித்திருந்தேன். அது அவர் கண்ணில் படவில்லை. நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம்தான் கணினி கைக்கு வந்தது. பார்மட்டுக்கு 900 ரூபாய். நான்கு நாள் கடை ஓடவில்லை. அந்த சீசனில் ஒரு நாளைக்குச் செலவு போக 1,500 ரூபாயாவது நிற்கும், ஆக 6,000 ரூபாய் போனது. அவசரத்துக்கு வந்த பிள்ளைகளை மற்ற கடைக்கு அனுப்பிவைத்தேன், அதில் சிலர் திரும்ப வரவே இல்லை. பணம்கூடப் பரவாயில்லை. இரண்டு வருடக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், வாடகை ஒப்பந்தப் படிவங்கள் எல்லாம் போய்விட்டன. அதைவிட, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் ஊர்க் கதையை, ஏரி, கோயில், அங்கிருக்கும் நடுகற்கள் பற்றியெல்லாம் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். 64 பக்கம் அடித்து முடித்து, பிழை திருத்தம் மட்டும் பாக்கி. அது போய்விட்டது என்று அவருக்குப் போனில் சொன்னபோது ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம், "நோட்டு என்கிட்டதாம்மா இருக்கு, கவலைப்படாதே" என்றார். கடையை உள்ளே பூட்டிக்கொண்டு அழுதேன்.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி உரிமை போனால் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் திங்கட்கிழமையும் என் கணக்கில் வழக்கம்போல நுழைய முடிந்தது, எல்லாக் கோப்பையும் திறக்க முடிந்தது. ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சொருகி நானே எல்லாவற்றையும் நகல் எடுத்திருக்கலாம், அதற்கு சூடோ தேவையே இல்லை. பயத்தில் கணினியே கெட்டுவிட்டதாக நினைத்து, எடுக்காமல் விட்டேன். எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், முதலில் உங்கள் கையால் ஒரு நகல் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்பு முடிவு. கூட்டத்தோடு கூட்டமாக இரண்டு நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக மறுபடி அமைத்தேன். தமிழ்99 விசைப்பலகை, எழுத்துருக்கள், பிரிண்டர், அப்புறம் ஸ்கேனர். நோட்டில் எழுதியிருந்த அதே வரியை அப்படியே தட்டினேன். திங்கட்கிழமை காலை அப்டேட் கொடுக்கப் போனால் அதே செய்தி. சூடோயர்ஸ் கோப்பில் இல்லை.

இந்தத் தடவை பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரும் உள்ளே புகவில்லை, நான் செய்த ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்று அப்போது உறுதியாகத் தெரிந்துவிட்டது. நல்லவேளையாகப் பிரிண்டர் அன்று நிற்காமல் ஓடியது. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கைபேசியோடு உட்கார்ந்தேன். டெர்மினலில் குரூப்ஸ் என்று தட்டினால் நாம் எந்தெந்தக் குழுவில் இருக்கிறோம் என்று காட்டும். தட்டினேன். என் பெயரும் எல்பியும், இரண்டே இரண்டுதான் வந்தன. சூடோவைக் காணோம். அப்புறம் முதலில் பார்த்த அந்தக் குறிப்பைத் தேடிப் பிடித்து, என் நோட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். அங்கே சிறு கோட்டுக்கு அடுத்துச் சின்ன ஏ, பிறகு பெரிய ஜி. என் நோட்டில் சின்ன ஏ இல்லை. எழுதும்போதே விட்டிருக்கிறேன்.

அந்த ஒரு எழுத்து என்ன செய்கிறது தெரியுமா? பெரிய ஜி மட்டும் கொடுத்தால், இந்தக் கணக்குக்கு இனிமேல் கூடுதல் குழுக்கள் இவை மட்டும்தான் என்று பொருள். பழைய குழுக்கள் அத்தனையிலிருந்தும் பெயரை எடுத்துவிடும். சின்ன ஏ சேர்த்தால்தான், இருப்பதோடு இதையும் சேர் என்றாகும். என்னை எல்பியில் சேர்த்த அதே நொடியில் சூடோவிலிருந்தும், பிரிண்டரை நிர்வகிக்கும் எல்பிஅட்மினிலிருந்தும் கழற்றிவிட்டது. உடனே ஏன் தெரியவில்லை என்றால், குழுப் பட்டியல் லாகின் செய்யும்போதுதான் படிக்கப்படுகிறது. அன்று சாயங்காலம் நான் ஏற்கெனவே உள்ளே இருந்ததால் பழைய உரிமையே ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து மறுநாள் நுழைந்தபோதுதான் புதுப் பட்டியல் அமலுக்கு வந்தது. முதல் நாள் போட்ட வரிக்கும் மறுநாள் வந்த வினைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஆகவே குழுக்களில் கை வைத்தால், லாக்அவுட் செய்வதற்கு முன்னால் குரூப்ஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் கணக்கின் பெயரையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள். பெயர் இல்லாமல் தட்டினால் இப்போது ஓடும் பழைய நிலையைக் காட்டும். பெயரோடு தட்டினால் அடுத்த தடவை நுழையும்போது கிடைக்கப்போகும் நிலையைக் காட்டும். அதில் சூடோ இல்லையென்றால் லாக்அவுட் செய்யாமல் அதே டெர்மினலிலேயே திரும்பச் சேர்த்துவிடலாம். ஒரு நிமிட வேலை. இன்னும் பத்திரமான வழியும் இருக்கிறது. ஆட்யூசர் என்ற கட்டளைக்கு அடுத்துக் கணக்கின் பெயர், அதற்கடுத்துக் குழுவின் பெயர் கொடுத்தால் அந்தக் குழுவில் சேர்க்க மட்டும் செய்யும், எதையும் எடுக்காது. இப்போது நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சரி, போன உரிமையை மீட்டது எப்படி? திரையில் பயனர் அமைப்புக்குப் போய்ப் பூட்டைத் திறக்கப் பார்த்தால் அது ரூட் பாஸ்வேர்டு கேட்கும், அதுதான் கிடையாதே. வழி ரெக்கவரி மோட், கணினியைப் பழுதுபார்ப்பதற்கென்று இருக்கும் நிலை. கணினி தொடங்கும்போது கம்பெனிப் படம் வந்து போனதும் எஸ்கேப் விசையை ஒரே ஒரு தடவை அழுத்த வேண்டும். பயோஸ் என்ற பழைய வகைத் தொடக்க மென்பொருள் உள்ள கணினி என்றால் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பதற்றத்தில் எஸ்கேப்பைப் பல தடவை தட்டிவிட்டேன், கறுப்புத் திரையில் க்ரப் என்று மட்டும் நின்றது. பயப்படவேண்டியதில்லை, அணைத்துவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். மூன்றாவது முயற்சியில் மெனு வந்தது. அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெக்கவரி மோட் என்று முடியும் வரி, பிறகு வரும் பட்டியலில் ரூட். என்டர் தட்டியதும் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் முழு அதிகாரத்தோடு ஒரு டெர்மினல் கிடைத்தது.

அங்கே நேராக சூடோ குழுவில் சேர்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். பாஸ்வேர்டு கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலவும் என்று வந்தது. டிஸ்க் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்திருப்பதுதான் காரணம். எழுதவும் அனுமதிக்க ஒரு வரி தட்ட வேண்டும்: மவுண்ட், இடைவெளி, சிறு கோடு சின்ன ஓ, இடைவெளி, ரீமவுண்ட் என்ற சொல், காற்புள்ளி, ஆர்டபிள்யூ, இடைவெளி, ஒரு சாய்கோடு. அதைத் தட்டியதும் எழுத வழி திறந்தது. கட்டளையை மறுபடி கொடுக்கும் முன் யோசித்தேன், சூடோவை மட்டும் சேர்த்தால் போதுமா, இன்னும் எந்தக் குழுக்கள் போயின என்று எப்படித் தெரியும்? இதற்கு ஓர் அருமையான வழி இருப்பதை அன்று கண்டுபிடித்தேன். ஈடிசி ஃபோல்டரில் குரூப் என்ற கோப்பில்தான் இந்தப் பட்டியல் இருக்கிறது. அதே பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு ஒட்டிய இன்னொரு கோப்பும் அங்கே இருக்கும். கடைசி மாற்றத்துக்கு முந்தைய நிலை அதில் பத்திரமாக இருக்கும். அதைத் திறந்தேன். சூடோ, ஏடிஎம், சிடிரோம், டிப், பிளக்டெவ், எல்பிஅட்மின் என்று ஒவ்வொரு வரியின் கடைசியிலும் என் கணக்கின் பெயர் இருந்தது. எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, ரீபூட் கொடுத்தேன். சூடோ வேலை செய்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம், அதில் பாதி கைபேசியில் படித்த நேரம். 900 ரூபாயும் நான்கு நாளும் 64 பக்கமும் இந்த நாற்பது நிமிடம் தெரியாததால் போனவை.

மறுநாளே இன்னொரு நிர்வாகி கணக்கை உருவாக்கினேன். செட்டிங்ஸில் யூசர்ஸ், பூட்டைத் திற, புதுக் கணக்கு, நிர்வாகி என்ற வகை. தினசரி வேலைக்கு அது கிடையாது. என் கணக்குக்கு ஏதாவது ஆனால் அதில் நுழைந்து சரிசெய்யலாம், ரெக்கவரி வரை போகத் தேவையில்லை. அதன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். லினக்ஸ் போட்டதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். கடையில் ஒத்தாசைக்கு வரும் பெண்ணுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். பிரிண்ட் எடுக்க, ஸ்கேன் செய்ய, தட்டச்சு செய்ய அதுவே தாராளம். முன்பு இருவரும் ஒரே கணக்கில் இருந்தோம். அது தப்பு என்று அவளிடமே சொல்லித்தான் மாற்றினேன்.

ரெக்கவரியில் பாஸ்வேர்டு கேட்காதது அன்று எனக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு யோசித்தேன், கடைக்குள் நுழைந்து எஸ்கேப் அழுத்தத் தெரிந்த யாரும் இதே மாதிரி எல்லாவற்றையும் திறக்கலாமே. இதைத் தடுக்க வேண்டுமானால் டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்ய வேண்டும், அதை நிறுவும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த தடவை நிறுவும்போது கட்டாயம் செய்வேன். இப்போதைக்கு, வாடிக்கையாளர்களின் ஆதார், சான்றிதழ் நகல்களை வேலை முடிந்த அன்றே அழித்துவிடுகிறேன்.

உங்கள் லினக்ஸ் வேறு வகையாக இருந்தால் சிறு வித்தியாசங்கள் உண்டு. ஃபெடோராவில் அந்தக் குழுவின் பெயர் வீல். டெபியனில் நிறுவும்போது ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தால் உங்கள் கணக்கை சூடோ குழுவில் சேர்க்காது, அந்த இடத்தைக் காலியாக விட்டால்தான் சேர்க்கும். ரூட் பாஸ்வேர்டு இருந்தால் எஸ்யூ கட்டளையில் ரூட்டாக மாறி நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் எஸ்யூவுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு போட மறக்காதீர்கள். 2019இல் வந்த டெபியன் 10 முதல், அந்தக் கோடு இல்லாவிட்டால் யூசர்மாட் என்ற கட்டளையே இல்லை என்று சொல்லும். சூடோயர்ஸ் கோப்பை சாதாரண எடிட்டரில் திறந்து திருத்தவே கூடாது, அதில் பிழை விழுந்தால் சூடோ வேலை செய்யாமல் போகக்கூடும். விசூடோ என்ற கட்டளை வழியாகத் திறந்தால் பிழை இருக்கும்போது சேமிக்கும் முன் எச்சரிக்கும்.

அந்த நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்ன ஏவைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா நோட்டைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். கடை மூடிய பிறகு பதினோரு ராத்திரி உட்கார்ந்து அடித்தேன், காசு வாங்கவில்லை. ஜூன் கடைசியில் முடித்து, ஒரு பிரதி என் ஹார்டு டிஸ்க்கிலும் இன்னொன்று அவர் பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை அடித்ததில் விட்டுப்போயிருந்த இரண்டு நடுகற்களைப் பற்றி இந்தத் தடவை அவர் கூடுதலாக எழுதிக்கொண்டு வந்திருந்தார், இப்போது அது 67 பக்கம்.